கவனா: ஒரு பெயரின் எழுத்தும் தலையெழுத்தும்



அயர்லாந்துக் கவிஞர் பேட்ரிக் கவனாவை நம்மில் பலர் ஆங்கிலத்தின் வழியே அறிந்திருக்கிறோம். 1904ஆம் ஆண்டு மோனஹன் மாவட்டத்து இனிஷ்கீன் வட்டாரத்தில், செருப்புத் தைத்தும் சிறு நிலம் உழுதும் குடும்பம் நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1939இல் டப்ளினுக்குக் குடிபெயர்ந்து, 1942இல் ‘பெரும் பசி’ என்னும் நெடுங்கவிதையை வெளியிட்டு, 1967இல் மறைந்தவர். அவருடைய கவிதையைப் பற்றிப் பேச இந்த அவையில் என்னிலும் தகுதியுடையோர் உளர். ஆகவே அவருடைய குடும்பப்பெயரைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறேன். மொழிபெயர்ப்புகளில் ஒருவர் அப்பெயரைக் ‘கவனாக்’ என்று எழுதுகிறார். இன்னொருவர் ‘காவனாக்’ என்கிறார். ‘கவனா’ என்று எழுதுவோர் சிலர். எது சரி என்று தேடப் போனால் எழுத்துப் பிழை திருத்துவதோடு வேலை முடிவதில்லை. எண்ணூறு ஆண்டு அரசியலும், ஒரு பாதிரியாரின் பேனாவும் அதற்குள் இருக்கின்றன.

முதலில் பெயரின் பிறப்பு. அயர்லாந்தில் குடும்பப்பெயர் வழக்கம் மிகப் பழையது. 916ஆம் ஆண்டில் இறந்த ஒரு குறுநிலத் தலைவனின் பெயரிலேயே ‘ஓ கிளேரி’ என்னும் குடிப்பெயர் காணப்படுகிறது. ஐரோப்பாவில் இத்துணைத் தொன்மையான குடும்பப்பெயர்கள் அரிது. ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். ‘மக்’ என்றால் மகன். சங்கப் புலவர் பட்டியலில் ‘மதுரை அளக்கர் ஞாழார் மகனார் மள்ளனார்’ என்று படித்திருக்கும் நமக்கு இந்த முறை அயலாகத் தோன்றாது. அயர்லாந்தின் பெரும்பாலான பழங்குடிப் பெயர்கள் இவ்விரண்டில் ஒன்றைத் தலையில் சூடியிருக்கும். கவனா என்னும் பெயருக்கோ இரண்டும் இல்லை. அது ஓர் அடைமொழியிலிருந்து பிறந்த பெயர்.

அந்த அடைமொழியைத் தாங்கியவன் டோனல். லென்ஸ்டர் நாட்டு அரசன் டெர்மட் மக்மரோவின் மகன். தந்தையை அயர்லாந்து இன்றும் நல்ல சொல்லால் நினைப்பதில்லை. 1166இல் நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட டெர்மட், இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் உதவி வேண்டினான். 1169இல் நார்மானியப் படை வந்து இறங்கியது. மறு ஆண்டில் வந்த ஸ்ட்ராங்போ என்னும் பிரபுவுக்குத் தன் மகள் ஈஃபாவை மணம் செய்து கொடுத்தான். 1171இல் ஃபெர்ன்ஸ் ஊரில் இறந்தான். உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. நம் நாட்டு வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தக் கதையின் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

டோனல் முறையான மணத்தில் பிறந்தவனல்லன் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். அக்காலத்து ஐரிஷ் உயர்குடிகளில் பிள்ளைகளை வேறிடத்தில் வளர்ப்புக்கு விடுவது வழக்கம். டோனல் வளர்ந்த இடம், இன்றைய வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தில் கோரி நகரத்துக்கு அருகில் உள்ள கில்கவன் என்று மரபு சொல்கிறது. ‘கில்’ என்பது கோயில். கில்கவன் என்பது கீவான் அடிகளின் கோயில். அந்த அடிகளின் பெயரோடு ‘சார்ந்தவன்’ என்னும் பொருள் தரும் விகுதி சேர, டோனல் ‘கீவானக்’ ஆனான். கீவானைச் சார்ந்தவன், கீவானிடம் வளர்ந்தவன். பெயரின் அடிச்சொல்லாகிய ‘கீவ்’ என்பதற்கு மென்மை, இனிமை, அன்புக்குரிமை எனப் பொருள் விரியும். கெவின் என்று இன்று உலகெங்கும் வழங்கும் பெயரும் அதே வேரில் கிளைத்ததுதான். அவனுடைய உடன்பிறந்தான் ஒருவனின் அடைமொழியும் இவ்வாறே குடிப்பெயராயிற்று; கின்ஸெல்லா என்ற பெயருடையோர் அவன் வழியினர்.

இங்கே ஒரு பொறியையும் சுட்டிவிடுகிறேன். அயர்லாந்தின் வடபகுதியில் கவன் என்று ஒரு மாவட்டம் உண்டு. கவனா என்ற பெயர் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றும். மாவட்டப் பெயருக்கு மூலம் ‘பள்ளம்’ என்று பொருள்படும் வேறொரு சொல். ஆங்கில எழுத்தில் ஒத்துப்போவதால் உறவு கொண்டாடுகிற சொற்கள் இவை. தாய்மொழியில் முகம் தெரியாதவை.

டோனல் 1175இல் கொல்லப்பட்டான். ஆனால் அவன் வழியினர் லென்ஸ்டரின் மலைகளிலும் காடுகளிலும் மேலும் சில நூற்றாண்டுகள் அரசர்களாகவே தங்களைக் கருதிக்கொண்டனர். அவர்களுள் பெரியவன் ஆர்ட் மக்மரோ கவனா. அவனை அடக்குவதற்கென்று இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்ட் 1394இலும் 1399இலும் தானே படையோடு கடல் கடந்தான். இரண்டாம் முறை அயர்லாந்தில் இருந்தபோதுதான் அவனுடைய அரியணைக்கே ஆபத்து வந்தது. அந்த ஆண்டே முடியிழந்தான்.

வாளால் முடியாததை எழுதுகோல் பொறுமையாகச் செய்தது. 1366இன் கில்கென்னிச் சட்டம், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மொழியையும் ஐரிஷ் பெயர்களையும் கைக்கொள்ளக் கூடாது என்றது. 1465இல் வந்த சட்டம் ஒருபடி மேலே போயிற்று. டப்ளினைச் சுற்றிய ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்றது. ஒரு நகரத்தின் பெயரையோ, கறுப்பு வெள்ளை பழுப்பு என ஒரு நிறத்தையோ, கொல்லன் தச்சன் என ஒரு தொழிலையோ, சமையற்காரன் போன்ற ஓர் அலுவலையோ தேர்ந்துகொள்ளலாம் என்று பட்டியலும் தந்தது. ஒரு மனிதனைப் பார்த்து, ‘நீ இனி வெள்ளை, அல்லது கறுப்பு, எது வேண்டும்?’ என்று கேட்கும் சட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

சட்டம் எட்டாத இடங்களிலும் காலப்போக்கில் பெயர்கள் ஆங்கில வடிவத்துக்குள் வந்தன. நிலம் பறிபோன பின், நிலப் பத்திரம் எழுதுகிறவனும் வரிப் பட்டியல் தயாரிப்பவனும் நீதிமன்ற எழுத்தனும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். பெயருக்குரியவன் வாயால் சொன்னான். எழுதுகிறவன் தன் காதால் கேட்டதைத் தன் மொழி எழுத்தில் பதிந்தான். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ‘ஓ’வும் ‘மக்’கும் ஆயிரக்கணக்கான பெயர்களிலிருந்து உதிர்ந்தன. சில பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்டன. ‘கொல்லன் மகன்’ என்று பொருள்படும் மக் கவன் என்பவன் ஸ்மித் ஆனான். ஐரிஷில் ‘சீர்’ என்று ஒலிக்கும் ஒரு சொல்லுக்குத் தச்சன் என்றும், தளையற்றவன் என்றும் இருபொருள். ஆகவே அந்தச் சொல்லைத் தாங்கிய ஒரே குடிப்பெயர் ஓரிடத்தில் கார்ப்பென்ட்டர் ஆயிற்று, வேறோரிடத்தில் ஃப்ரீமன் ஆயிற்று. சிலேடை ஒன்று குடும்பத்தையே இரண்டாக்கிவிட்டது. புலவர்கள் செய்த சிலேடைகளால் இத்தனை விளைவு உண்டானதில்லை!

மொழிபெயர்ப்பு தவறிப்போன இடங்களும் உண்டு. டைரோன் மாவட்டத்தில் ஹூரிஸ்கி என்ற பெயருடையோர் சிலர் கால்டுவெல் என்று எழுதத் தொடங்கினர். அந்தப் பெயரில் குளிர் என்னும் சொல்லும், நீர் என்னும் சொல்லும் ஒலிப்பதாகக் கருதிவிட்டார்கள். குளிர்ந்த கிணறு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் பொருத்தமாகத் தோன்றியது. கால்டுவெல் என்றதும் நம் காது நிமிர்கிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் அயர்லாந்தில், ஆன்ட்ரிம் மாவட்டத்தில், 1814இல் பிறந்தவரேயாயினும் அவருடைய பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்; அவர் பெயர் நேரான ஸ்காட்லாந்துப் பெயர். எழுத்து ஒன்று, குடி வேறு. நம் மொழிக்குடும்பத்தின் உறவுமுறைகளைத் துருவி ஆராய்ந்தவரின் சொந்தப் பெயரிலேயே இப்படி ஓர் இரட்டை வழி இருப்பதை இந்த அவையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கவனாவுக்கு மீள்வோம். ஐரிஷ் மொழியின் மரபான நெடுங்கணக்கில் பதினெட்டே எழுத்துகள். அதில் ஆங்கிலக் ‘கே’ இல்லை, ‘வி’யும் இல்லை. ககர ஒலிக்கு ‘சி’ எழுத்து. வகர ஒலிக்கோ, மகரத்தையோ பகரத்தையோ நெகிழ்த்தி எழுதுவார்கள். பழைய ஐரிஷ் அச்சில் அந்த நெகிழ்ச்சியைக் காட்ட மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். நம் புள்ளி மெய்யின் உயிரை நிறுத்துகிறது. அவர்கள் புள்ளி மெய்யின் வன்மையைக் குழைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளியை எடுத்துவிட்டு, பக்கத்தில் ‘எச்’ எழுத்தைச் சேர்த்தார்கள். புள்ளிதான் அழகு என்பது என் கட்சி. அதைக் கேட்க இன்று அங்கே யாரும் இல்லை.

ஆக, கவனா என்று ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் முதல் எழுத்தும் நடு எழுத்தும் அந்தப் பெயர் பிறந்த மொழியில் இல்லாதவை. முதலில் ‘கே’ போட்டு எழுதுவோர் ஒருசாரார், ‘சி’ போட்டு எழுதுவோர் ஒருசாரார். இறுதியில் ‘ஜி, எச்’ என்று இரண்டு எழுத்துகள் வாய் திறவாமல் நிற்கின்றனவே, அவை வீண் எழுத்துகள் அல்ல. ‘கீவானக்’ என்பதன் கடைசியில் தொண்டையிலிருந்து உரசி எழும் ககரத்தைப் பிடிக்க ஆங்கில எழுத்தன் செய்த முயற்சி அவை. ஒலி பேச்சில் தேய்ந்து மறைந்தது. எழுத்து மட்டும் நின்றுவிட்டது. அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களில் இடையே ஒரு ‘யு’வும் புகுந்தது, 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட பிரெட் கவனா அந்த எழுத்தில்தான் தம் பெயரை எழுதுகிறார். முதல் எழுத்தில் இருவகை, இறுதியில் இருவகை என்று கொண்டாலே நான்கு வடிவங்கள் ஆயின. ‘ஓ’வைத் தவறாக முன்னே ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. முதல் உயிரொலியும் நிலையானதன்று. எழுத்தில் ஒன்றாக உள்ள அந்த உயிரை மேற்கிலும் வடக்கிலும் ‘ஈ’ என்பார்கள், தெற்கு மன்ஸ்டரில் ‘ஏ’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஒலியாகத் தங்கிவிட்டது. எனவே தமிழில் ‘கவனா’ என்பதே பேச்சுக்கு மிக நெருங்கியது. ‘கவனாக்’ என்று எழுதுவோர், தேய்ந்துபோன ஓர் ஐரிஷ் மெய்யெழுத்தைத் தம்மை அறியாமல் உயிர்ப்பிக்கிறார்கள் என்று வேண்டுமானால் பாராட்டலாம்.

பெயர்களின் இந்தப் பெருக்கம் அரசாங்கத்துக்கே தலைவலியாயிற்று. அயர்லாந்தின் பதிவுத் துறையில் இருந்த ராபர்ட் மாத்தெசன், ஒரே பெயரின் பல வடிவங்களைத் தொகுத்து 1890இல் ஒரு கையேடு வெளியிட்டார். 1894இல் குடும்பப்பெயர்கள் பற்றிய தனி அறிக்கையும் வந்தது. பதிவேட்டில் ஒருவனைத் தேடிக் கண்டுபிடிக்கவே அந்த உழைப்பு. பின்னாளில் ஐரிஷ் தரப்பிலிருந்து பேட்ரிக் வுல்ஃப் என்னும் பாதிரியார் மூல வடிவங்களைத் தேடித் தொகுத்தார். எட்வர்ட் மக்லைசட் அயர்லாந்தின் முதல் தலைமை மரபியல் அதிகாரியாக 1943இல் பொறுப்பேற்றவர்; 1957இல் அவருடைய ‘ஐரிஷ் குடும்பங்கள்’ வந்தது. லைசட் என்று பிறந்து, இழந்த ‘மக்’கைத் தாமே மீண்டும் சூடிக்கொண்டவர் அவர். இவர்களுக்கெல்லாம் முன்னோடியான குரல் டக்ளஸ் ஹைட். 1892இல் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், ‘ஓ’வையும் ‘மக்’கையும் உதறிய தம் நாட்டாரைக் கடிந்துகொண்டார். மறு ஆண்டே ஐரிஷ் மொழிக் கழகம் தோன்றியது.

இதுவரை சொன்னதைக் கொண்டு பார்த்தால், இனிஷ்கீன் செருப்புத் தொழிலாளியின் மகன் லென்ஸ்டர் அரசர்களின் வழித்தோன்றல் என்று முடிவு கட்டிவிடலாம். அழகான முடிவு, பொய்யான முடிவு. கவிஞரின் குடும்பம் கவனா குடும்பமே அன்று.

கவிஞரின் தந்தைவழிப் பாட்டனார் ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் பேட்ரிக் கெவனி. மேற்கே ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து, இனிஷ்கீன் அருகே கெட்னமின்ஷா என்ற சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். அவ்வூர்ப் பெண் ஒருத்திக்கும் அவருக்கும் 1850களின் நடுவில், திருமணம் இன்றி, ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஊர் பொறுக்கவில்லை. ஆசிரியர் வேலையையும் ஊரையும் விட்டுப் போக நேர்ந்தது. பின்னர் டல்லமோர் நகரத்தில் வேறு குடும்பம் அமைத்து வாழ்ந்தார். அரசுப் பள்ளியில் மீண்டும் அவர் ஆசிரியராகவில்லை. குழந்தை ஜேம்ஸ் தாயோடு ஊரிலேயே தங்கினான். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரின் கையில் கெவனி என்பது கவனா ஆயிற்று. கத்தோலிக்கரின் பிறப்புகள் அரசுப் பதிவுக்கு வந்தது 1864இல்தான் என்பதால், கோயில் ஏடு சொன்னதே பெயர். அந்த ஜேம்ஸ்தான் கவிஞரின் தந்தை.

பாதிரியார் ஏன் மாற்றினார்? காது கேட்ட பிழையா, ஓடிப்போன தகப்பனின் பெயரைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கிவைக்கும் இரக்கமா, தண்டனையா? ஏடு காரணம் எழுதாது. ஆனால் அந்த மாற்றம் எப்படி இத்தனை எளிதாயிற்று என்பதை எழுத்தே சொல்லும். கெவனி என்ற பெயருக்கு மூலமாக அறிஞர் காட்டுவது ‘ஓ கேவனி’ என்னும் மேற்கு அயர்லாந்துப் பெயர். அதன் முதல் ஒலி ஆங்கில ‘ஜி’யின் மெலிந்த ககரம், கீவானக் என்பதில் உள்ளதோ வல்லொலி. இதில் உள்ள வகரம் பகரத்தின் நெகிழ்ச்சி, அதில் உள்ளது மகரத்தின் நெகிழ்ச்சி. ஐரிஷில் எழுதினால் இரண்டுக்கும் இடையே ஒரு கடலே கிடக்கிறது. எந்தப் பாதிரியாராலும் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிட முடியாது. ஆங்கில எழுத்தில் இறங்கியதும் இரண்டிலும் ஒரே ‘கே’, ஒரே ‘வி’, ஒரே ‘என்’. கடல் வாய்க்காலாகிவிட்டது, ஒரு கோட்டில் தாண்டிவிடலாம். வள்ளியும் வல்லியும் ஆங்கிலத்தில் ஒருத்தியாகிவிடுவதைக் கண்டு பழகிய நமக்கு இது விளங்கும். நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ககரமும் அந்த வல்லொலியையும் மெல்லொலியையும் வேறுபடுத்தாது. ஆங்கிலம் செய்த குழப்பத்தில் பாதியைத் தமிழும் செய்யும்.

பொருளையும் கேளுங்கள். கெவனியின் மூலச் சொல்லாகிய ‘கேவனக்’ என்பதற்குத் தளையிடப்பட்டவன், சிறைப்பட்டவன் என்று பொருள். கீவானக் என்பதன் வேருக்கு மென்மை, அன்பு என்று கண்டோம். ஒரு பேனாக் கோட்டில் சிறைப்பட்டவன் வழி வந்த பிள்ளை, அன்புக்குரியவன் வழி வந்தவனாகிவிட்டான். ஆசிரியரின் மகன் அரசர்களின் பெயரைப் பெற்றான். எழுதியவருக்கோ, எழுதப்பட்டவருக்கோ அந்தப் பொருள்கள் நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. முறையான மணத்தில் பிறவாத டோனலுக்கு வளர்த்த கோயில் பெயர் தந்தது; ஏழு நூற்றாண்டு கழித்து அவ்வாறே பிறந்த ஜேம்ஸுக்கும் ஒரு கோயிலின் ஏடு அதே பெயரைத் தந்தது.

உண்மையான கவனாக்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றும் பார்க்கலாம். கார்லோ மாவட்டத்தில் போரிஸ் மாளிகையில் பெருநிலக்கிழாராக இருந்தார் ஆர்தர் மக்மரோ கவனா. 1831இல் கைகால் முழுமையின்றிப் பிறந்தவர். குதிரையேறினார், உலகம் சுற்றினார், இந்தியாவுக்கும் வந்து சிலகாலம் வேலை பார்த்தார், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். வியக்கத்தக்க மனிதர். 1880 தேர்தலில் அவருடைய தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அரச குடியின் பெயர் ஆங்கில ஆட்சியின் தூணாக நின்றது. அதே பெயரை ஏட்டுப் பிழையால் பெற்ற ஏழைக் குடும்பம் மோனஹனில் செருப்புத் தைத்தது. பெயரை வைத்து வரலாற்றை ஊகிக்கிறவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும்.

ஹைட் சொன்ன வழியில், இழந்த ஐரிஷ் வடிவத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கவிஞர் எண்ணியிருந்தால் எதற்குத் திரும்புவது? கீவானக் என்று எழுதினால் இலக்கணம் சரி, இரத்தம் தவறு. ஓ கேவனி என்று எழுதினால் இரத்தம் சரி. ஆனால் தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் ஒரு நாளும் வாழ்ந்திராத பெயர் அது. தூய வடிவத்தை மீட்பதில் எனக்கு மதிப்பு உண்டு. மக்லைசட் செய்ததைப் போற்றுகிறேன். என்றாலும், பிழையாக எழுதப்பட்ட பெயரை ஒருவன் ஒரு வாழ்நாள் சுமந்து, அதன் கீழே நல்ல கவிதை எழுதிவிட்டால் அந்தப் பிழை அவனுக்குச் சொந்தமாகிவிடுகிறது என்பதே என் எண்ணம். இதில் நண்பர்கள் மாறுபடலாம்.

தேடுவோருக்கு இன்னொரு தடையும் உண்டு. 1922 ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் நான்கு நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலானது. 1861, 1871 ஏடுகள் அதற்கு முன்பே அரசாங்கத்தாலேயே அழிக்கப்பட்டிருந்தன. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. முழுமையாக நிற்பவை 1901, 1911 ஆகிய இரண்டே. அதற்கு முற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குக் கோயில் ஏடுகளும், நில மதிப்பீட்டுப் பட்டியலும், பாட்டிமார் சொன்னவையுமே சாட்சி. கெவனி ஆசிரியரின் கதை நமக்குக் கிடைத்ததும் அத்தகைய சாட்சிகள் வழியேதான்.

கவிஞர் தம் பெயரோடு எப்படி வாழ்ந்தார் என்பதற்குக் கடைசியாக இரண்டு செய்திகள். 1942 முதல் 1944 வரை ஒரு டப்ளின் நாளிதழில் நகரச் செய்திப் பத்தி எழுதியபோது அவர் சூடிக்கொண்டது ‘பியர்ஸ் பிளவ்மன்’ என்ற புனைபெயர். பழைய ஆங்கிலக் காவியம் ஒன்றின் உழவன் பெயர். பிறகு 1952 ஏப்ரலில், தம்பி பீட்டரின் சேமிப்பைக் கொண்டு இருவரும் ஒரு வார இதழ் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘கவனாவின் வார இதழ்’. பெரும்பகுதியை அண்ணனும் தம்பியுமே எழுதினார்கள். பதின்மூன்று இதழ்கள் வந்து, ஜூலையில் பணம் தீர்ந்து நின்றுபோயிற்று. உள்ளே பல கட்டுரைகள் வெவ்வேறு புனைபெயர்களில் வெளிவந்தன. முகப்பில் வாரந்தோறும், ‘கே’யில் தொடங்கி ‘ஜி, எச்’சில் முடியும் அந்தப் பெயர் பெரிய எழுத்தில் அச்சாயிற்று.